பஸ் நின்ற இடமெல்லாம்

இரண்டு குதிகாலையும் ஒட்டி வைத்துக்கொண்டு, பாதங்களை அங்குலம் அங்குலமாக நகர்த்தி, அவர் நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கிறார். இரண்டு கைகளாலும் கைப்பேசியை நெஞ்சுக்கு நேராகப் பிடித்திருக்கிறார். வாய் மட்டும் சும்மா இருப்பதில்லை. "மெதுவா... மெதுவா... வரலாம் வரலாம்... அவ்வளவுதான், ஒடிக்காத..." என்று, பஸ்ஸைப் பின்னால் எடுக்க வழி சொல்கிற தொனியில் தனக்குத் தானே வழி சொல்லிக்கொள்கிறார். ஒரு சுற்று முடிய முக்கால் நிமிடம் ஆகும். அதற்குள் யாராவது குறுக்கே வந்தால் சுற்றுவதை நிறுத்தாமல், தலையையும் திருப்பாமல், "அண்ணே, ஒண்ணு நில்லுங்க, இல்ல ஓடுங்க. நடக்காதீங்க!" என்பார். நடக்கிறவர்கள் படத்தில் கால் வேறு உடம்பு வேறாக வந்து விழுவார்கள் என்பது அவருடைய அனுபவம்.

நான் இதை நேரில் பார்த்தது ஓர் அருவிக்குப் போனபோது. அருவி அங்கிருந்து அரை மைல். சத்தம்கூடக் கேட்காது. அவர் அவ்வளவு பக்குவமாகச் சுற்றிச் சுற்றி எடுத்துக்கொண்டிருந்தது, அருவிக்கு வந்த பஸ்கள் நிற்கிற மைதானத்தை.

சுற்றுலா பஸ் ஓட்டுகிறவர். வயது ஐம்பத்து நான்கு. இருபத்திரண்டு வருடமாக ஒரே கம்பெனி, பதினொரு வருடமாக ஒரே பஸ். கம்பெனியில் அவருக்கு 'வட்டம்' என்று பேர். "வட்டம் வந்தாச்சா?" "வட்டம் கிளம்பியாச்சு." அவருக்கு அதில் வருத்தம் கிடையாது. "முன்னாடி ஊமைன்னு கூப்பிட்டானுங்க. அதுக்கு இது தேவலை" என்கிறார். ஸ்டீயரிங்கைப் பிடிக்கும் முன் இரண்டு கையையும் சோப்புப் போட்டுக் கழுவுவார். பிடித்துவிட்டால் பேச மாட்டார். பின்னாலிருந்து யார் என்ன கேட்டாலும் பதில் அடுத்த நிறுத்தத்தில்தான். ஒருமுறை ஒரு பெரியவர், "இன்னும் எவ்வளவு தூரம்ப்பா?" என்று கேட்டதற்கு, ஒன்றரை மணி நேரம் கழித்துப் போய்ச் சேர்ந்து, கதவைத் திறந்துவிட்டு, "வந்துட்டோங்க" என்று பதில் சொன்னார்.

அவர் வீட்டு மாடியில்தான் நான் குடியிருக்கிறேன். பத்திரிகைக்கு எழுதுகிறவன் என்றால் வேலை இல்லாதவன் என்பது அவர் தீர்மானம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் கீழேயிருந்து குரல் வரும்: "தம்பி, சும்மாத்தானே இருக்கீங்க? இறங்கி வாங்க, ஒரு ஊருக்குப் போயிட்டு வந்துடலாம்."

ஊருக்குப் போவது இப்படி. அட்டையில் செய்த ஒரு பெட்டி. முன்பக்கம் கைப்பேசியைச் செருக ஓர் இடம், பின்பக்கம் இரண்டு கண்ணுக்கும் இரண்டு கண்ணாடி வில்லைகள். அதை முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டால், அவர் சுற்றி எடுத்த படத்துக்கு நட்ட நடுவில் நாம் நிற்போம். தலையைத் திருப்பினால் அந்தப் பக்கம் தெரியும், முதுகுப் பக்கம் திரும்பினால் அங்கே இருந்ததும் தெரியும். எடுத்த நேரத்துச் சத்தமும் கூடவே கேட்கும். மொபைல் கடைக்காரர் இதற்கு 'வி.ஆர். போட்டோ' என்று பேர் சொல்லிக் கொடுத்தார். இவர் வாயில் அது 'சுத்துப்படம்' ஆகிவிட்டது. இவர் மனைவி, எனக்கு அண்ணி, 'டப்பா படம்' என்பார்.

மற்றவர்கள் இதை வைத்து மலை உச்சியையும் கடற்கரையையும் எடுப்பார்கள். நம் ஆளிடம் இருக்கிற இருநூற்றுச் சொச்சம் படங்களும் பஸ் நிறுத்துமிடங்கள். பயணிகள் இறங்கிப் போன பிறகு டிரைவர் பஸ்ஸை விட்டு நகரக் கூடாது என்பது கம்பெனிச் சட்டம். உள்ளே சாமான்கள் இருக்கும். கால் வலிக்கிறது என்று பாதியில் யாராவது திரும்பி வருவார்கள். ஆக, இருபத்திரண்டு வருடத்தில் அவர் போகாத ஊரும் இல்லை, பார்த்த ஊரும் இல்லை. கோட்டைக்குப் போனால் வெளிமதிலின் நிழல் கிடைக்கும். கலங்கரை விளக்கத்துக்குப் போனால் மரத்துக்கு மேலே அதன் தலை மட்டும். "மலைக்கு நூறு தரம் போயிருக்கேன் தம்பி. மலை எப்படி இருக்கும்னு கேட்டா முழிப்பேன். ஆனா அங்க மூணாவது லைட் கம்பத்துக்கிட்ட தரை சரிவு. சக்கரத்துக்குக் கல்லு வைக்காம நிறுத்தினா வண்டி தானா வீட்டுக்கு வந்துடும்" என்பார்.

இந்தப் பழக்கத்துக்குக் காரணம் அண்ணி. ஒரு தையல் கடையில் சட்டைகளுக்குக் காஜா எடுத்துப் பொத்தான் தைக்கிறவர். பஸ் டிரைவரைக் கட்டிக்கொண்டவருக்கு பஸ் ஒத்துக்கொள்ளாது. மூன்றாவது நிறுத்தத்துக்குள் குடலே வெளியே வந்துவிடும். கல்யாணமான புதிதில், கணவர் ஓட்டுகிற பஸ்ஸில் ஆசை ஆசையாக முன்சீட்டில் உட்கார்ந்து போன கதை ஒன்று உண்டு. அதை அவர் ஐந்து விதமாகச் சொல்வார். ஐந்து தடவையும் அண்ணி எழுந்து உள்ளே போய்விடுவார். அதற்குப் பிறகு அண்ணிக்கு வெளியூர் என்றால் கணவர் கொண்டுவந்து போடுகிற அழுக்குத் துணிதான். நாலு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் அந்தத் துணிகளை உதறிக்கொண்டே, "இத்தனை ஊருக்குப் போறீங்களே, ஒரு ஊரையாவது இப்படி இருந்துச்சுன்னு வந்து சொல்லியிருக்கீங்களா?" என்று கேட்டிருக்கிறார். இவர் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தார். சொல்ல ஒன்றுமே இல்லை. அடுத்த வாரம் மொபைல் கடைக்குப் போனார்.

அண்ணி படம் பார்க்கிறதைப் பார்க்க வேண்டும். கூடத்தின் நடுவில் நின்று, பெட்டியை முகத்தில் வைத்துக்கொண்டு, தலையை நிமிர்த்தி மெல்லத் திரும்புவார்.

"இது எந்த ஊரு?"

"மலையடிவாரம்."

"மலை எங்க?"

"பஸ்ஸுக்குப் பின்னால."

"கொஞ்சம் தள்ளி நிறுத்தக் கூடாதா?"

"தள்ளி நிறுத்தினா ஃபைன் போட்டுடுவான்."

"எந்த ஊருக்குப் போனாலும் மூத்தவளை விட்டு ஒரு படம் கிடையாது" என்று அண்ணி என்னிடம் சொல்வார். மூத்தவள் என்பது பஸ். கணவருக்கு வாயெல்லாம் பல்லாகிவிடும். ஆனால் அண்ணி ஒருநாளும் மலையைக் கேட்டுச் சண்டை போட்டதில்லை. அவருக்கு ஆட்கள் போதும். "டிக்கெட் கிழிக்கிறவர் சட்டையில ரெண்டாவது பொத்தான் மட்டும் வேற நிறம். வீட்டுல தைச்சது." "இந்தம்மா கை நிறைய பையோட நிக்குது, கூட வந்த ஒருத்தர்கூட வாங்கலையே." பார்த்துக்கொண்டே இருக்கையில் அண்ணியின் கை தானாக நீளும். காற்றில் எதையோ தொடப் போவார். "இந்தப் பஸ்ஸோட கண்ணாடி, அப்படியே மூக்குக்கு முன்னால நிக்குதுங்க. தொட்டுடலாம் போல இருக்கு." ஒரு படத்தில் நாய் ஒன்று இவர் சுற்றிய வேகத்திலேயே கூட நடந்து வந்து, மூன்று நாய் நீளத்துக்குப் பதிவாகியிருக்கிறது. அண்ணி அதன் முதுகை ஒரு முழம் தடவிக் கொடுத்தார்.

இந்தத் தொட்டுவிடுகிற தூரம் மட்டும் படம் எடுத்தவருக்கு வாய்க்கவே இல்லை. அது அவருக்குப் பெரிய குறை. "எனக்கு எல்லாம் சுவத்துல ஒட்டின போஸ்டர் மாதிரிதான் இருக்கு. எனக்குன்னு ஏன் ஒரு டப்பா சரியா அமைய மாட்டேங்குது?" என்று புலம்புவார். முதல் பெட்டியைக் கடையில் கொண்டுபோய்ச் சண்டை போட்டு மாற்றினார். இரண்டாவதில் வில்லை கோணல் என்றார். மூன்றாவதை அவரே செய்தார். ஹெட்லைட் பல்பு வந்த அட்டைப்பெட்டியைக் கத்தரித்து, பழைய பெட்டியின் வில்லைகளைப் பெயர்த்துப் பொருத்தி, இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து செய்தார். நேர்த்தியான வேலை. மூக்கு படிகிற இடத்தில் அண்ணி மெத்தென்று துணி வைத்துத் தைத்துக் கொடுத்திருக்கிறார். அதிலும் போஸ்டர்தான் தெரிந்தது. "உனக்கு எதையும் பெரிசு பண்ணிச் சொல்றதே பழக்கமாப் போச்சு" என்று அண்ணி மேல் பழியைப் போட்டு அந்த விவகாரத்தை முடித்துவிட்டார். எனக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது. பத்திரிகைக்கு நல்ல சரக்கு என்று குறித்தும் வைத்துக்கொண்டேன். கட்டுரையை முடிக்க இன்னொரு பயணம் போகலாமென்று, செவ்வாய்க்கிழமை அவர் பஸ் மலைக்குப் போகிறபோது பதினாலாம் நம்பர் சீட்டில் எனக்கு இடமும் போட்டாயிற்று.

போன ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல என்னைக் கூப்பிட்டார். புதிதாக எடுத்த படம். மலைப்பாதையில் ஒரு குறுகலான நிறுத்தம். நான் பெட்டியை வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் திரும்பினேன், அந்தப் பக்கம் திரும்பினேன். திடீரென்று ஒரு மரக்கிளை கண்ணைக் குத்துகிற மாதிரி எதிரே வந்தது. சட்டென்று பின்வாங்கினேன். பீரோவின் கைப்பிடியில் மண்டை 'ணங்'கென்று இடித்தது.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "படத்துல இருக்கிற கிளை குத்துமா தம்பி? எழுதுறவரு நீங்களே இப்படிப் பயந்தா?"

"ஒரு சாண் தூரத்துல நிக்குது அண்ணே!" என்று மண்டையைத் தேய்த்துக்கொண்டே சொன்னேன்.

ஜன்னலோரம் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த அண்ணி சிரிக்கவில்லை. ஊசியைச் சட்டையிலேயே குத்தி வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"என்னங்க, அந்தக் கிளை உங்களுக்கு எங்க இருக்கு?"

"எங்க இருக்கும்? பஸ்ஸு மேல ஒட்டிக்கிட்டு இருக்கு."

"பஸ் கிட்ட இருக்கா, கிளை கிட்ட இருக்கா?"

"ரெண்டும் ஒரே இடத்துலதான். அதைத்தானே நாலு வருஷமா சொல்றேன்."

அண்ணி தையல் டப்பாவிலிருந்து கோட்டுக்குத் தைக்கிற பெரிய கறுப்புப் பொத்தான் ஒன்றை எடுத்தார். பெட்டியின் வலது வில்லையை அதனால் மூடிப் பிடித்துக்கொண்டு, "இப்பப் பாருங்க" என்றார்.

"படம் போயிடுச்சே."

"நல்லாப் பாருங்க."

"ஒண்ணுமில்ல. பாலு ஊத்தின மாதிரி வெள்ளையா நிக்குது. ஃபோன் சூடாயிடுச்சு போல." பெட்டியைக் குலுக்கினார்.

அண்ணி பொத்தானை எடுத்தார்.

"ஆ, வந்துடுச்சு!"

மறுபடி மூடினார்.

"பாரு, மறுபடியும் போச்சு. இந்த ஃபோனை முதல்ல மாத்தணும்."

அண்ணி பெட்டியை அவரிடமிருந்து வாங்கி, பொத்தானை எடுக்காமல் அப்படியே என்னிடம் நீட்டினார். நான் இடது வில்லை வழியாகப் பார்த்தேன். பஸ், கிளை, அறிவிப்புப் பலகை, அதில் எழுதியிருந்த எழுத்து உட்பட எல்லாம் பளிச்சென்று இருந்தது. "தெரியுதா தம்பி?" என்று அண்ணி கேட்டார். தலையை ஆட்டினேன்.

அவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தன் வலது கண்ணை உள்ளங்கையால் தானே மூடிக்கொண்டு, கூடத்தை மெல்ல ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"நீ ஜன்னல்கிட்டதானே இருக்க?" என்றார்.

"பக்கத்துலதாங்க இருக்கேன்" என்றார் அண்ணி.

அவருக்காக நிஜமாகவே மனசு வலித்தது. அதை ஒளிக்காமல் சொல்கிற நான் இதையும் சொல்லிவிட வேண்டும்: அடுத்த நொடி எனக்கு ஞாபகம் வந்தது பதினாலாம் நம்பர் சீட்.

அப்புறம் யோசித்தால் ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது. ஒரு வருடமாகவே அவர் எந்த ஊருக்கும் மற்ற பஸ்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடுவார். ஓரமான இடத்தைப் பிடித்துவிட்டால் பின்னால் எடுக்கிற வேலை இல்லை. இடது பக்கக் கண்ணாடியைப் பார்க்க, கண்ணைத் திருப்பாமல் கழுத்தையே திருப்புவார். அதனால் கழுத்து வலி வந்தது. கழுத்துப் பிடிப்பு என்று நினைத்துக்கொண்டு அண்ணி தினமும் தைலம் தேய்த்துவிட்டார். ஒரு வருடம் முழுக்கக் கழுத்துக்கு வைத்தியம் நடந்திருக்கிறது. ஒரு கண் முக்கால்வாசி போகிற வரைக்கும் இன்னொரு கண் அதையும் சேர்த்துச் சுமந்துகொண்டு யாருக்கும் காட்டிக்கொடுக்காமல் இருந்திருக்கிறது.

திங்கட்கிழமை அண்ணி கடைக்கு லீவு சொல்லிவிட்டு அவரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். திரும்பி வந்து மாடிப்படியில் நின்று என்னிடம் விவரம் சொன்னார். "புரை நல்லா முத்தியிருக்காம். எடுத்துட்டு லென்ஸ் வைக்கலாமாம். எவ்வளவு பார்வை திரும்பி வரும்னு எடுத்தப்புறம்தான் சொல்ல முடியுமாம். வர்ற வெள்ளிக்கிழமைக்கு நாள் குடுத்திருக்காங்க. அதுவரைக்கும் வண்டியைத் தொடக் கூடாதுன்னுட்டாங்க டாக்டரம்மா. இவரு, சைக்கிளையா சொல்றீங்கன்னு கேக்கறாரு."

சாயங்காலம் அவர் மாடிக்கு வந்தார். நான் குடிவந்த ஆறு வருடத்தில் அவர் படியேறி வந்தது அதுதான் முதல் தடவை. நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

"தம்பி, நாளைக்கு ஒரே ஒரு டிரிப். அதை முடிச்சுட்டு லீவு சொல்லிடறேன். உடம்பு சரியில்லன்னு சொன்னா வண்டி எனக்காகக் காத்திருக்கும். கண்ணுன்னு சொன்னா காத்திருக்காது. வேற ஆளு ஏறிடுவான். ஏறினவன் இறங்க மாட்டான்."

"அப்படியெல்லாம் இல்ல அண்ணே..."

"நான் எப்படி ஏறினேன்னு நினைக்கிறீங்க? எனக்கு முன்னால ஓட்டினவரு குடலிறக்கம்னு பத்து நாள் லீவு போட்டாரு. பதினோரு வருஷமாச்சு, அந்தப் பத்து நாள் இன்னும் முடியல." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "நூறு தரம் போன ரோடு தம்பி. கண்ணை மூடிக்கிட்டு ஓட்டுவேன்."

சொன்ன பிறகுதான் அவர் காதிலேயே அது விழுந்தது. "இதை எழுதிடாதீங்க" என்றார். இப்போது எழுதியிருப்பது அவரிடம் கேட்டுக்கொண்டுதான்.

வேண்டாம் அண்ணே என்று நான் பளிச்சென்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பதினொரு வருடம் ஒரே வண்டியை ஓட்டியவரிடம் அதை எப்படிச் சொல்வது என்று ஒரு பக்கம். எனக்குக் காய்ச்சல் என்று சொல்லி என் சீட்டை மட்டும் ரத்து செய்துவிடலாமா என்று இன்னொரு பக்கம். மீதி முப்பத்தொன்பது பேரைப் பற்றி நினைத்தபோது என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. அந்த நேரத்தில் படிக்குக் கீழேயிருந்து அண்ணியின் குரல் வந்தது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்.

"சரிங்க. போயிட்டு வாங்க. நானும் வரேன்."

"நீ எங்க வர்ற? மூணாவது ஸ்டாப்புலயே..."

"பை எடுத்துக்கறேன். முன்சீட்டு குடுங்க. நாப்பது பேரை ஏத்திக்கிட்டுப் போறீங்க, நாப்பத்தி ஒண்ணா நானும் இருந்துட்டுப் போறேன்."

கோபமாகச் சொல்லவில்லை, அழவும் இல்லை. கடைக்குப் போய் வருகிறேன் என்று சொல்கிற குரல்தான். அவர் இறங்கிப் போனார்.

செவ்வாய்க்கிழமை காலை கம்பெனி வளாகத்தில் வழக்கமான கூத்து. ஜன்னலோர சீட்டுக்கு ஒரு குடும்பத்துக்குள் சண்டை, தண்ணீர் பாட்டில்களை எண்ணுகிறவர், தலைகளை எண்ணுகிறவர், எண்ணிக்கை தவறி முதலிலிருந்து ஆரம்பிக்கிறவர். அண்ணி விசேஷங்களுக்குக் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். மடியில் நாலைந்து பிளாஸ்டிக் பைகளை மடித்து வைத்திருந்தார். காய்ச்சல் என்று சொல்லாமல் நானும் வந்து ஏறி, கதவோரம் நின்றிருந்தேன். அவர் குழாயடியில் கை கழுவினார். எப்போதையும்விட அதிக நேரம் கழுவினார். ஏறி உட்கார்ந்து எஞ்சினைப் போட்டார். வலது பக்கம் பார்த்தார். இடது பக்கக் கண்ணாடியைப் பார்க்கக் கழுத்தை முழுசாகத் திருப்பினார்.

அப்படித் திருப்பியபோது அண்ணி தெரிந்திருக்க வேண்டும். பஸ் இன்னும் ஓரடிகூட நகரவில்லை. அண்ணியோ அதற்குள் ஒரு பையைப் பிரித்து, இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, நேராகச் சாலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். வரப்போவது வரட்டும் என்று அதற்குத் தயாராகிவிட்ட முகம். அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

"டிரைவர் அண்ணே, கிளம்பலாமா?" என்று பின்னாலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார்.

"இதோ" என்றார் அவர். ஸ்டீயரிங்கில் கை இருக்கும்போது அவர் பதில் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார்.

தண்ணீர் வாங்குகிற சாக்கில் நானும் பின்னாலேயே போனேன். ஆபீஸ் அறையில் ஓனரம்மா ஃபோனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். பேசி முடிக்கிற வரைக்கும் இவர் நின்றார். பிறகு சாவியை மேஜை மேல் வைத்தார்.

"அம்மா, எனக்கு இடது கண்ணு தெரியலம்மா."

"என்ன சொல்றீங்க? எத்தனை நாளா?"

"தெரியலம்மா. எனக்கே முந்தாநாள்தான் தெரியும்."

ஓனரம்மாவுக்குக் கோபம் வந்தது. வர வேண்டிய கோபம்தான். நாற்பது பேரை ஏற்றி வைத்துவிட்டு இப்போது வந்து சொன்னால் என்ன அர்த்தம் என்று கேட்டார். இத்தனை நாளில் என்னென்ன நடந்திருக்கலாம் என்று சத்தமாகவே யோசித்தார். கத்தி முடித்தபின் ஓனரம்மா ஜன்னல் வழியாக பஸ்ஸைப் பார்த்தார். "டாக்டர் என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். வெள்ளிக்கிழமை ஆபரேஷன் என்றார் அவர். "முதல்ல அதை முடிங்க. ஓட்டலாம்னு டாக்டர் எழுதிக் குடுக்கட்டும், பேசலாம்."

"வண்டிம்மா?"

"பேசலாம்னு சொன்னேன்ல."

அவ்வளவுதான் கிடைத்தது. அதற்குமேல் அவரும் கேட்கவில்லை. வேன் ஓட்டுகிறவரைக் கூப்பிட்டார்கள். குள்ளமான மனிதர், பாதி சாப்பாட்டில் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தார். அந்த மலையில் வேனை ஓட்டியிருக்கிறாரே ஒழிய பஸ்ஸை ஓட்டியதில்லை என்று முகத்திலேயே எழுதியிருந்தது. அண்ணி பைகளை மடித்துக்கொண்டு இறங்கி, ஓரமாகப் போய் நின்றுகொண்டார். நான் என் பதினாலாம் நம்பர் சீட்டில் போய் உட்கார்ந்தேன்.

வந்தவர் ஏறி உட்கார்ந்தால் கால் கிளட்சுக்குச் சரியாக எட்டவில்லை. சீட்டை முன்னால் தள்ளப் பார்த்தார். பதினொரு வருடமாக ஒரே ஆளுக்காக ஒரே இடத்தில் நின்ற சீட் அசைந்து கொடுக்கவில்லை. "நகருங்க" என்று சொல்லி நம் ஆள் உள்ளே ஏறி மண்டியிட்டு, சீட்டுக்கு அடியில் கையை விட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு பிடியை இழுத்தார். கிறீச்சென்ற சத்தத்தோடு அது முன்னால் வந்தது. "எட்டாவது வளைவுல எதிர்ல வர்றவன் ஹாரன் அடிக்க மாட்டான். நீங்க அடிங்க" என்றார். "மேல மூணாவது கம்பத்துக்கிட்ட நிறுத்தாதீங்க." வந்தவர் சரி அண்ணே, சரி அண்ணே என்றார்.

பிறகு இவர் இறங்கி, பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்தார். அந்தப் பக்கத்துக் கண்ணாடி அவருடைய உயரத்துக்கு வைத்தது. இரண்டு கைகளாலும் பிடித்து அதை மெல்ல அசைத்தார்.

"தெரியுதா?"

"டயர் தெரியல அண்ணே."

கொஞ்சம் கீழே இறக்கினார். "இப்ப?"

"இன்னும் கொஞ்சம் வெளிய."

ஒரு நூல் வெளியே திருப்பினார். "இப்ப தெரியுதா?"

"தெரியுது அண்ணே. நல்லாத் தெரியுது."

திருகாணியை இறுக்கினார். கண்ணாடியில் பதிந்திருந்த தன் விரல் தடங்களைச் சட்டை நுனியால் துடைத்தார். என் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று, உள்ளங்கையால் பஸ்ஸை இரண்டு முறை தட்டினார். "போலாம்" என்றார். தட்டிய கையை எடுக்கவில்லை. பஸ் நகர்ந்துதான் அந்தக் கையிலிருந்து விலகிப் போயிற்று.